அட்டைப்பெட்டியா, சுருக்குப்பையா?

கையால் செய்த நகையை அட்டைப்பெட்டியில் வைப்பதா, துணியாலான சுருக்குப்பையில் இடுவதா என்பது வெறும் செலவுக் கணக்கு அன்று. செய்தவரின் விரல்கள் கடைசியாக அந்த நகையைத் தொடும் நேரம் அதுதான் என்பதால், பொதிவதிலும் செய்வதற்கு ஈடான மகிழ்ச்சி உண்டு.

நொறுங்கக்கூடிய சுடுமண் ஜிமிக்கிக்கும் தாள் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும், நசுங்கக்கூடிய குவில்லிங் காதணிக்கும் பெட்டியே ஏற்றது. தடித்த அட்டையில் ஊசியால் இரண்டு துளைகள் இட்டு, 0.8 மில்லிமீட்டர் கம்பியில் வளைத்த கொக்கிகளை அவற்றில் மாட்டி, இரண்டும் ஒரே உயரத்தில் தொங்குகின்றனவா என்று தூக்கிப் பார்க்கும்போது, மணி கோத்தபோது கண்ணில் படாத சிறு கோணலும் தெரிந்துவிடும். அதை இடுக்கியால் நிமிர்த்திவிட்டு மூடியை அழுத்தும் நிறைவே தனி. பிறகு பெட்டியை மெல்லக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஓசை கேட்டால், மெல்லிய தாளை இன்னும் சிறிது கசக்கி வைக்கலாம். அஞ்சலில் அனுப்புவது எதுவாயினும் என் தேர்வு பெட்டிதான்.

நேரில் கொடுக்கும் மணிமாலைக்கும் கயிற்றுக் காப்புக்கும் சுருக்குப்பை அழகு சேர்க்கும். மிஞ்சிய துணித்துண்டுகளிலேயே அதைத் தைத்துக்கொள்ளலாம்; நகையின் நிறத்துக்கு ஏற்ற துண்டைத் தேடி எடுப்பது வேலையாகவே தோன்றுவதில்லை. வாங்கியவரும் அதைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வார். ஆனால், 92.5 விழுக்காடு வெள்ளி கொண்ட 925 வெள்ளி நகைக்குத் துணி மட்டும் போதாது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி கறுக்கும் என்பதால், முதலில் ஜிப் உறையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிய பிறகே பையில் வைக்க வேண்டும்.