போடி ரயிலா, தேனி பஸ்ஸா, ஆலுவா வழியா: மலையிலிருந்து சென்னைக்கு

இடுக்கி மாவட்டத்துக்குள் ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல், சூரியநெல்லி, தேவிகுளம், மூணாறு என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்கள் எதுவானாலும், ரயில் ஏற மலை இறங்கித்தான் ஆகவேண்டும். எந்தப் பக்கம் இறங்குவது என்பதுதான் கேள்வி. கிழக்கே இறங்கினால் போடியும் தேனியும். மேற்கே இறங்கினால் ஆலுவாவும் எர்ணாகுளமும். மகள் சென்னையில் நர்சிங் சேர்ந்த பிறகு மூன்று வழிகளிலும் போய் வந்திருக்கிறோம். இப்போது எங்கள் வீட்டில் போடி ரயில் என்று முடிவாகிவிட்டது. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டக்காரர்களை மனதில் வைத்து எழுதுவது இது. அடிமாலிக்காரர்களுக்கும் கட்டப்பனைக்காரர்களுக்கும் கணக்கு வேறாக வரும்.

மேற்கு வழியை முதலில் முடித்துவிடலாம். ஆலுவாவிலிருந்து சென்னைக்கு மாலையிலும் முன்னிரவிலும் தினமும் ரயில் உண்டு. பாலக்காடு, கோவை, சேலம் வழியாகப் போய் விடிந்ததும் இறக்கிவிடும். மூணாறு டவுனிலோ அதற்கு மேற்கிலோ இருப்பவர்களுக்கு இதுவே வசதி. எங்களுக்கு அப்படியில்லை. பூப்பாறையிலிருந்து கேப் ரோடு வழியாக மூணாறு போய், அங்கிருந்து அடிமாலி, நேரியமங்கலம் என்று இறங்குவதற்குள் பகல் பொழுது போய்விடும். அந்தக் கேப் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். போதாததற்கு அவை கேரளம் முழுவதற்குமான ரயில்கள். ஓணம், கிறிஸ்துமஸ் சமயத்தில் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்தாலே மனம் தளர்ந்துவிடும்.

மிச்சம் இருப்பது கிழக்கு வழி. போட்டி உண்மையில் தேனி பஸ்ஸுக்கும் போடி ரயிலுக்கும்தான்.

ரயிலைப் பற்றிப் பேசும் முன் அந்தப் பாதையின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரும்புத் தேவைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் மீண்டும் போட்டார்கள். பிறகு அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டு முடிவோடு மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். 90 கிலோமீட்டர் பாதை. தேனி வரை ரயில் திரும்பி வர 2022 மே மாதம் ஆயிற்று. போடிக்கு 2023 ஜூன் 15-ல்தான் வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டி அகலப்படுத்தும் வேலையை, மதுரைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பல வருடங்கள் கழிந்தன. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ரயில் இல்லாத ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலை நினைக்காமலே வளர்ந்துவிட்டார்கள். சென்னை என்றதும் மலையில் இன்னும் முதலில் வாயில் வருவது ஆம்னி பஸ்ஸின் பெயர்தான். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

பஸ்ஸின் பலங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. தினமும் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று. மதியம் முடிவு செய்து இரவு கிளம்பலாம். போடியிலிருந்தே ஏறிக்கொள்ளவும் முடியும். படுக்கை வசதி பஸ்ஸிலும் வந்துவிட்டது. ஆனால் கட்டணத்தில் ரயிலின் ஸ்லீப்பர் வகுப்பை ஆம்னி பஸ் நெருங்கவே முடியாது. பொங்கல், தீபாவளி நாட்களில் பஸ் டிக்கெட் போகும் உயரத்தைச் சொல்லவே வேண்டாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு இன்னொரு வித்தியாசமும் சேர்ந்திருக்கிறது. தெற்கிலிருந்து போகும் பஸ்கள் ஊருக்கு வெளியே இறக்கிவிடுகின்றன. போடி ரயில் சென்ட்ரலுக்குப் போகிறது. வாசலிலேயே மெட்ரோ, எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை. மலையிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் படிப்புக்காகப் போகிறார்கள், மீதிப்பேர் வைத்தியத்துக்காகப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

வைத்தியம் என்றதும் வேலூர். இந்த ரயில் திண்டுக்கல்லிலிருந்து நேராகத் திருச்சி, விழுப்புரம் போவதில்லை. கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு போகிறது. சென்னைக்கு அது சுற்றுதான். ஆனால் சி.எம்.சி.க்குப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் காட்பாடியில் இறங்க முடிவது பெரிய உதவி. முன்பு மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வண்டி மாறி, நோயாளியை நடைமேடையில் உட்காரவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் ஓரளவுக்குச் சமாளிக்கக்கூடிய வித்தியாசங்கள். ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் போயிற்று, கிளாம்பாக்கத்திலிருந்து ஒரு பஸ் மாறினால் போயிற்று. எங்கள் முடிவை மாற்றியது வேறொன்று: போடிமெட்டு மலைப்பாதையை எந்த நேரத்தில் ஏறுகிறோம் என்பது.

இறங்கும்போது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் இல்லை. ரயில் போடியிலிருந்து இரவு எட்டரை மணியளவில் கிளம்புகிறது; பஸ்களும் ஏறக்குறைய அந்த நேரம்தான். பிற்பகலில் வீட்டிலிருந்து புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மலையடிவாரத்து ஊரான முந்தலை அடைந்துவிடலாம். சிக்கல் திரும்பி வரும்போதுதான். சென்னையிலிருந்து இரவு ஏழு, எட்டு மணிக்குக் கிளம்பும் பஸ் விடிவதற்கு முன்பே தேனியிலோ போடியிலோ இறக்கிவிடும். அந்த வேளையில் இரண்டே வழி. பஸ் நிலையத்தில் பையை அணைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே மலை ஏறும் ஜீப்பில் தொற்றிக்கொள்ளலாம். இளம்பெண்ணைத் தனியாக வரச்சொல்லும் பெற்றோருக்கு இரண்டுமே நெஞ்சைப் பிசையும்.

அந்த விடியற்காலை ஜீப்புகளைப் பற்றி மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வேலை நேரத்துக்குள் தோட்டத்தில் ஆள் இறக்கியாகவேண்டும் என்று ஓட்டுகிறார்கள். அதுவும் கொள்ளளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது, கூலி அப்படிப் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் மேலே போகப்போகப் பனிமூட்டம் கண்ணாடியை மறைக்கும். மழைக்காலத்தில் இரவில் விழுந்த கல் ரோட்டில் கிடப்பது விடிந்த பிறகுதான் தெரியும். மெட்டைத் தாண்டிவிட்டால் யானை. அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதற்காகக் காட்டில் வேறு யானை இல்லாமல் போய்விடவில்லை. இருட்டிலும் மஞ்சிலும் அவை ரோட்டைக் கடக்கும் இடங்களை இங்குள்ள குழந்தைகளும் சொல்லும்.

ரயில் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. சென்னையிலிருந்து இரவு பத்தரை மணியளவில் கிளம்புவதால் போடிக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். மதுரையில் விடிந்து, உசிலம்பட்டியில் டீ குடித்து, ஆண்டிபட்டிக் கணவாயைப் பகலில் பார்த்துக்கொண்டு வரலாம். போடியில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, பனி விலகிய ரோட்டில் பஸ்ஸிலேயே மலை ஏறலாம். மகள் ரயிலில் வருகிறாள் என்றால் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். மூணாறு முதல் போடிமெட்டு வரை சுமார் 42 கிலோமீட்டர் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள், உண்மைதான், நல்ல ரோடு. ஆனால் மெட்டிலிருந்து கீழே இறங்கும் வளைவுகள் அதே வளைவுகள்தான், மஞ்சும் அதே மஞ்சுதான்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று, பெண்கள் பலர் வெளியே சொல்லாதது. வளைவுகளில் வயிறு புரட்டி இறங்கிய கையோடு இரவு முழுவதும் பஸ்ஸில் உட்காரவேண்டும் என்றால், என் அத்தை முதல் நாள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். சர்க்கரை நோய் உள்ளவர் அவர். ரயிலில் கழிப்பறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவர் இப்போது பஸ் ஏற மறுக்கிறார். அவர் சொல்வது நியாயம்.

இனி ரயிலின் குறைகள். முதல் குறை பெரிய குறை: இந்தச் சென்னை ரயில் வாரத்தில் மூன்று நாள்தான். கல்லூரி விடுமுறை ரயில் வரும் கிழமையைப் பார்த்து வருவதில்லை. சாவும் கல்யாணமும் அப்படித்தான். ரயில் இல்லாத நாளில் நாங்களும் பஸ்தான் ஏறுகிறோம். ஆனால் கூடியமட்டும் இரவு பத்து மணிக்குப் பிறகு கிளம்பும் பஸ்ஸாகப் பார்த்துப் பதிவு செய்கிறோம், விடிந்த பிறகு வந்து சேரட்டும் என்று. கிழமையும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது குறை மதுரைக்குப் போகிறவர்களுக்கு. மதுரை–போடி இடையே தினமும் ஓடும் முன்பதிவில்லா ரயில் ஒன்று உண்டு. கட்டணம் பஸ்ஸைவிட மிகக் குறைவு. ஆனால் அது காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வருகிறது, மாலையில் போடியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ ராஜாஜி மருத்துவமனைக்கோ போகிறவர் காலையில் மதுரையில் இருக்கவேண்டும், மாலையில் போடிக்குத் திரும்பவேண்டும். ஆகவே ஒரு நாளில் மதுரை போய்வர பஸ்தான்; ஆரப்பாளையம் வரை நேராகப் போய்விடலாம். இதில் ரயிலுக்கு ஆதரவாக நான் சொல்ல ஒன்றுமில்லை. அதே பாதை, அதே பெட்டிகள், காலையில் போடியிலிருந்து கிளம்பும்படி இன்னொரு நடை விட்டால் உத்தமபாளையம் வட்டாரமும் மலையும் சேர்ந்து அந்த ரயிலை நிரப்பிவிடும் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, அடைமழைக் காலம். போடிமெட்டுப் பாதை மூடப்பட்டுவிட்டால் போடி ரயில் நிலையம் இருந்தும் பயனில்லை. அப்படி ஒரு நாளில் நாங்கள் மாட்டிக்கொண்டதில்லை என்பதால் அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. நெடுங்கண்டத்தில் இருக்கும் உறவினர்கள் செய்வது இது: போடிவரை போகாமல் தேனியிலேயே இறங்கி, கம்பம் போய், கம்பம்மெட்டு வழியாக ஏறுகிறார்கள். பூப்பாறைக்கு அது நீண்ட சுற்று. இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மூணாறில் இன்னொரு ரயிலைப் பற்றியும் பேசுகிறார்கள். 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் குறும்பாதை ரயிலாக மாறி, மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிப்போன வண்டி. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து போடிக்குப் போயின. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான்கு வருடம் கழித்துப் போடிக்கு ரயில் வந்தபோது, மேலே இருந்த ரயில் இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் இந்த மலையின் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பழைய ரயிலைச் சுற்றுலாவுக்காக மீட்கவேண்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. வந்தால் சந்தோஷம்தான், மூணாறுக்கு வருமானம். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், எந்தப் பழைய பாதைக்குச் செலவழிப்பது என்ற கேள்விக்கு என் பதில் தயாராக இருக்கிறது. போடிவரை தண்டவாளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அதில் மூன்று நாள் ரயிலைத் தினசரி ரயிலாக்குவதற்கு மலையைக் குடையவேண்டாம், பாலம் கட்டவேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து படிக்கப் போன பிள்ளைகளை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ரயில் இதுதான்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சென்னை ரயில் வந்து சேரும் மூன்று நாட்களில் மட்டும், ரயில் நிலைய வாசலிலிருந்து பூப்பாறை வழியாக மூணாறுக்கு ஒரு பஸ் கிளம்பினால் போதும். தமிழ்நாட்டு பஸ்ஸோ கேரள பஸ்ஸோ, எதுவானாலும் சரி. இப்போது பெட்டி படுக்கையோடு ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையம் போகவேண்டியிருக்கிறது, அதற்குள் மலை பஸ் போய்விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கவேண்டியிருக்கிறது. எங்கள் பகுதி வார்டு உறுப்பினரிடம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சின்னக்கானல், தேவிகுளம் பக்கத்தவர்களும் அவரவர் பஞ்சாயத்தில் ஒன்று கொடுத்தால் நன்றாக இருக்கும்.