மச்சானுக்கு ஒரு துடிப்பான காடி (கார்): ஐரிஸ், மைவி, ஜாஸ், ஸ்விஃப்ட் ஸ்போர்ட், சுங்கை சிப்புட் ரோட்டுக்கு எது சரி?

என் பொண்டாட்டியோட தம்பி ஒரு மாசமா என் உயிர வாங்குறான். "மாமா, 25 ஆயிரம் வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) ஒரு செகண்ட் ஹேண்ட் காடி, ஹேட்ச்பேக், ஓட்டுனா மனசுக்கு ஒரு சந்தோஷம் இருக்கணும், ஆனா அம்மாவையும் புள்ளைங்களையும் ஏத்திட்டு போகணும்." கேக்க லேசா இருக்கு, தேட ஆரம்பிச்சா தான் தெரியுது எவ்ளோ கஷ்டம்னு. துடிப்பா ஓடுறது எல்லாம் ரெண்டு கதவா இருக்கு, இல்லன்னா கியர் பாக்ஸ் பயம், குடும்பத்துக்கு ஒத்து வர்றது எல்லாம் ஓட்டுனா தூக்கம் வருது. அவனுக்காக நாலு வாரம் ஞாயித்துக்கிழமைல ஈப்போக்கும் கோல கங்சாருக்கும் அலைஞ்சு பாத்ததுல மனசுல பட்டத எல்லாம் எழுதிடுறேன், இதே பட்ஜெட்ல வேற யாராச்சும் தேடிட்டு இருந்தா உதவும்.

மொதல்ல எங்க ஊரு, மலேசியால பேராக் சுங்கை சிப்புட் ரோட்ட சொல்லிடுறேன், ஏன்னா முடிவே அதுல தான் இருக்கு. மச்சான் வீடு லாசா போற பக்கம். வளைவு வளைவா போற ரோடு, ரெண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை), காலைல செம்பனைக் குலை ஏத்துன லாரி முன்னாடி ஆடி ஆடி போகும், மழை பேஞ்சா தோட்டத்து மண் ரோட்டுலேந்து செம்மண் வந்து வளைவுலயே படிஞ்சு கிடக்கும், சில நாள் லாரிலேந்து விழுந்த குலை நடு ரோட்டுல கிடக்கும். அங்கேந்து டவுனுக்கு வந்து, பழைய ரோட்ட புடிச்சு கெமோர் வழியா ஈப்போக்கு தினம் வேலைக்கு போறான். இந்த மாதிரி எடத்துல ஸ்போர்ட்டின்னா 180ல பறக்குறது இல்ல. ஸ்டேரிங் திருப்புன உடனே மூக்கு திரும்பணும், குழில விழுந்தா நேரா நிக்கணும், லாரிய பொதோங் பண்ண (முந்த) இடம் கிடைச்சா அந்த சின்ன இடத்துலயே வேகம் எடுக்கணும், அவ்ளோ தான்.

ரோட் டேக்ஸ் பத்தி கவலையே வேணாம். 1401லேந்து 1600 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 90 வெள்ளி தான், நான் இங்க சொல்ற 1.5, 1.6 எல்லாமே அதுக்குள்ள வந்துடும். 1600 தாண்டுனா தான் 200லேந்து ஆரம்பிச்சு ஏறும்.

மச்சானுக்கு கனவு காடி சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். எனக்கும் புடிக்கும், மறைக்கல. 2013ல இங்க வந்த மாடல் 1.6 எஞ்சின், 136 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல், டர்போ கிடையாது, காடி எடையும் ஆயிரம் கிலோவ கொஞ்சம் தான் தாண்டும். மிதிச்சா எஞ்சின் சுத்து 4,000 ஆர்பிஎம்முக்கு மேல அது பாடுற பாட்டே தனி. ஆனா நல்ல கண்டிஷன்ல இருக்கறது எதுவுமே அவன் பட்ஜெட்டுக்குள்ள வரல, பட்ஜெட்டுக்குள்ள வந்த ஒன்னு, மூனு கை மாறி, யாரோ கீழ இறக்கி, எக்சாஸ்ட் மாத்தி வச்சிருந்தாங்க. 17 இஞ்ச் ரிம்ல மெல்லிசு டாயர் வேற, லாசா ரோட்டு குழிக்கு அது தாங்காது. பின்னாடி சாமான் வைக்கிற பூட் இடமும் ரொம்ப சின்னது. கல்யாணம் ஆகாத பையனா இருந்தா கடன் வாங்கியாச்சும் எடுன்னு சொல்லியிருப்பேன். புரோட்டோன் சத்ரியா நியோவும் அப்படித்தான், கையாள அருமை, விலையும் கம்மி, ஆனா பூட்டோட சேத்து மூனே கதவு, பின் சீட்டுக்கு தனி கதவு இல்ல. கைப்புள்ளய பின்னாடி சீட்ல கட்ட ஒவ்வொரு தடவையும் முன் சீட்ட மடக்கி குனிஞ்சு நிக்கணும்னு நெனச்சாலே முதுகு வலிக்குது.

புரோட்டோன் சுப்ரிமா எஸ் தான் ரொம்ப ஆச காட்டுச்சு. 1.6 டர்போ, 138 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை (டார்க்), அதுவும் 2,000 ஆர்பிஎம்லயே முழுசா வந்துடும். இதே விலைக்கு இவ்ளோ சக்தி வேற எதுலயும் கிடைக்காது. ஈப்போலேந்து ஹைவேல மெனோரா சுரங்கம் வரைக்கும் ஏத்தத்துல ஓட்டிப் பாத்தோம், மூனு பேர் உக்காந்திருந்தும் எஞ்சின் மூச்சு வாங்கல. பின் பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், வளைவுல அப்படி ஒட்டிட்டு போகுது. சரி எடுத்துடலாம்னு தான் இருந்தோம். அப்புறம் எங்க ஊரு போமன் (மெக்கானிக்) கிட்ட கேட்டேன். "ஆயில் கூலர் ஹோஸ் மாத்தியாச்சான்னு பாரு, மொத கேள்வி அது தான்"னாரு. அந்த ஹோஸ் வெடிச்சு ஆயில் கொட்டுறது இந்த டர்போ எஞ்சினுக்கு ஊரறிஞ்ச வியாதி, புரோட்டோனே காடிங்கள திரும்ப கூப்ட்டு மாத்திக் குடுத்தாங்க. மாத்துன ரசீது இருந்தா பாதி பயம் போயிடும். மீதி பயம் சிவிடி கியர் பாக்ஸ் (பெல்ட்ல ஓடுற, படி இல்லாத ஆட்டோ கியர்), இங்க வித்த சுப்ரிமாவுல அத விட்டா வேற கியர் பாக்ஸ் கிடையாது. ஆயில் ஒழுங்கா மாத்தாம ஓட்டியிருந்தா அத சரி பண்ற செலவு காடி விலைல பெரிய பங்கு ஆயிடும். மாசச் சம்பளத்துல குடும்பம் ஓட்டுறவன் கையில அந்த ரிஸ்க்க குடுக்க எனக்கு மனசு வரல.

ஃபியெஸ்டா 1.6, போலோ 1.2 டர்போ ரெண்டும் ஓட்ட பிரமாதம், ரெண்டுலயும் டிரை டபுள் கிளட்ச்ங்கற ரெண்டு கிளட்ச் ஆட்டோ கியர் பாக்ஸ், அதுல தான் எனக்கு பயம், வேணாம். ஃபியெஸ்டால வர்ற பவர்ஷிஃப்ட்ங்கற அந்த கியர் பாக்ஸ் பத்தின புகார்கள சரியா கையாளாததுக்காக 2018ல ஆஸ்திரேலியா கோர்ட்டு ஃபோர்டுக்கு 1 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல. போலோவுல இங்க பெக்கான்ல பூட்டுன 1.6 இருக்கு, அதுல சாதாரண 6 ஸ்பீட் ஆட்டோ, அது பயம் இல்ல, ஆனா ஓட்டுனா ஸ்போர்ட்டியும் இல்ல.

ஹோண்டா ஜாஸ். 2008லேந்து வந்த ரெண்டாவது தலைமுறை, 1.5 ஐவிடெக், 120 குதிரைத்திறன், 5 ஸ்பீட் ஆட்டோ, ஸ்டேரிங்லயே கியர் மாத்துற பட்டன். இத பாக்க போகும்போது அத்தையையும் (மச்சானோட அம்மா) கூட்டிட்டு போனோம், அவங்களுக்கு ரெண்டு முட்டியும் வலி, பால் மரம் (ரப்பர்) வெட்டுன காலம் தொட்டு இருக்கற வலி. மத்த காடிலல்லாம் மொதல்ல தலைய குடுத்து, அப்புறம் கதவு மேல கைய ஊனி, ஒரு பெருமூச்சு விட்டு தான் உக்காருவாங்க. ஜாஸ்ல அப்படியே திரும்பி நின்னு உக்காந்தாங்க, கால ரெண்டையும் தூக்கி உள்ள வச்சாங்க, முடிஞ்சது. "இது நாற்காலி மாதிரி இருக்குடா"ன்னாங்க. எண்ணெய் டேங்க்க முன் சீட்டுக்கு அடியில வச்சிருக்காங்க, அதனால பின்னாடி தரை தாழ்வா, இடம் தாராளமா இருக்கு, பின் சீட்ட மேல மடக்குனா ஒரு சின்ன சைக்கிளே நிமிந்து நிக்கும். எஞ்சின் நல்ல சுறுசுறுப்பு. குறைன்னா, ஸ்டேரிங்ல ரோடு கைக்கு தெரியாது, வளைவுல வேகமா போட்டா காடி சரியா தான் போகும், ஆனா ஓட்டுறவனுக்கு ஒன்னும் சொல்லாது. அப்புறம் விலை. ஹோண்டா பேருக்காகவே ஏத்தி சொல்றாங்க, அவன் பட்ஜெட்டுக்கு கிடைச்சது எல்லாம் வயசான காடி, வயசான காடிக்கு பேங்க்ல லோனும் கம்மியா, வருஷமும் கம்மியா தான் குடுக்குறாங்க. கையிலேந்து கூட போடணும்.

பெரோடுவா மைவி 1.5 பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமா. 2011ல வந்த ரெண்டாவது மாடல், சுமார் 102 குதிரைத்திறன், டைமிங் செயின் (பெல்ட் மாதிரி மாத்திட்டே இருக்க வேணாம்), 4 ஸ்பீட் ஆட்டோ இல்லன்னா 5 கியர் மேனுவல். எந்த போமனும் கண்ண மூடிட்டு செய்வான், ஸ்பேர் பார்ட்ஸ் நம்ம டவுன்லயே கிடைக்கும், விக்கும்போது விலை விழாது. லேசான காடி, கீழ் கியர்ல சுறுசுறுப்பா கெளம்பும். ஆனா நெடுஞ்சாலைல பக்கத்துல பஸ் போனா கொஞ்சம் அலையும், வளைவுல சாயும். 2017 நவம்பர்ல வந்த மூனாவது மாடல் இத விட ரொம்ப நல்லது, சறுக்காம புடிக்கிற விஎஸ்சி எல்லா வகைலயும் இருக்கு, அது பட்ஜெட்ட தாண்டிடுச்சு.

இப்ப புரோட்டோன் ஐரிஸ் 1.6 மேனுவல். நான் இதுக்குத் தான் ஓட்டு போடுறேன். 107 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர், பேப்பர்ல ஜாஸ விட கம்மி. ஆனா லாசா ரோட்டுல ஓட்டிப் பாத்த அன்னைக்கு தான் விஷயம் புரிஞ்சுது. மழை விட்டு அர மணி நேரம் இருக்கும், ஒரு இடது வளைவு, பாதில செம்மண் படிஞ்சிருக்கு, முன்னாடி டாயர் அது மேல ஏறும்போது ஸ்டேரிங் கையில லேசா இளகுச்சு, அடுத்த நொடி திரும்ப இறுகுச்சு. காடி எங்க இருக்கு, டாயருக்கு கீழ என்ன இருக்குன்னு கைக்கு தெரியுது. ஜாஸ்ல எனக்கு கிடைக்காதது இது தான். குழில விழுந்தா ஒரே ஒரு தடவ "டொம்", அதோட சரி, ஆட்டம் இல்ல. புரோட்டோன் 1996ல இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காடி கம்பெனி லோட்டஸ வாங்கி இருவது வருஷம் கூட வச்சிருந்தது சஸ்பென்ஷன்ல தெரியுது. இங்கிலாந்துல இதே ஐரிஸ வச்சு ஆர்5ங்கற பிரிவு ரேலி பந்தய காடி கட்டுனாங்கன்னா சும்மா இல்ல. அதோட 2014ல வந்தப்பவே எல்லா வகைலயும் ஈஎஸ்சி (மைவில சொன்ன விஎஸ்சி மாதிரி தான்), ஆசியான் என்கேப் மோதல் சோதனைல 5 ஸ்டார், புள்ளைங்கள ஏத்துற காடிக்கு இத நான் பெருசா நெனைக்கிறேன்.

குறை இல்லாம இல்ல. பூட் 215 லிட்டர் தான், புள்ள தள்ளுவண்டிய வச்சா பத்து கிலோ அரிசி மூட்டைக்கு தான் இடம் இருக்கு. பின் சீட்டு அத்தைக்கு ஒத்து வராது, முன்னாடி உக்காந்தா பரவால்ல. உள்ள பிளாஸ்டிக் சாதாரணம், பழைய ஐரிஸ்ல கதவு பக்கம் கிறுகிறுன்னு சத்தம் வரும். டைமிங் பெல்ட் மாத்துனாங்களான்னு ரசீது கேட்டே ஆகணும், தெரியலன்னு சொன்னா மாத்தற காச விலைல கழிச்சுடணும். சிவிடி வேணாம், வேகம் எடுக்கும்போது ஒரே இரைச்சல், மேனுவல்ல தான் இந்த காடியோட குணமே இருக்கு.

இங்க தான் ஒரு சிக்கல். மச்சான் பொண்டாட்டி வச்சிருக்கறது டிஏ லைசன், ஆட்டோ கியர் காடி மட்டும் தான் ஓட்டலாம். அவளுக்கு பழைய பெரோடுவா விவா ஆட்டோ கியர் காடி ஒன்னு இருக்கு, ஸ்கூலுக்கு அதுலயே போயிடுவா, ஆனா ராத்திரி அவசரத்துக்கு இவன் இல்லன்னா பெரிய காடிய எடுக்க முடியாது. நான் இத ரெண்டு பேரையும் உக்கார வச்சு பேசிட்டேன். "அண்ணே, நான் டி லைசன் எடுத்துக்கறேன், மேனுவல் கத்துக்க எனக்கும் ஆச தான்"னு அவளே சொல்லிட்டா. அவ ஒத்துக்கலன்னா ஜாஸ் தான் எடுக்க சொல்லியிருப்பேன், கொஞ்சம் காசு சேத்துட்டு.

வாங்க போறவங்களுக்கு ஒன்னு. போன வருஷம் எனக்கே ஒரு கடைல நடந்தது. பளபளன்னு பாலிஷ் போட்ட காடி, உள்ள வாசன, சீட்டு கவர் புதுசு. பின் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தேன், அடில கடைசி ஒரு சாண் மட்டும் காப்பி கலர்ல கோடு போட்டாப்ல சேறு காஞ்சு போய் இருந்துச்சு. வெள்ளத்துல நின்ன காடி. தவுக்கே (கடை முதலாளி) கிட்ட காட்டுனா முகத்த திருப்பிக்கிட்டாரு. அன்னைலேந்து எந்த காடி பாத்தாலும் நாலு பெல்ட்டையும் முழுசா இழுத்து பாக்குறேன், சீட்டு தண்டவாளத்து போல்ட்ல துரு இருக்கான்னு டார்ச் அடிக்கிறேன். பேர் மாத்த புஸ்பாகோம் காடி சோதனை நிலையத்துல பி-5 சோதனை, லோன் போட்டா பி-7, ரெண்டும் முக்கியமா எஞ்சின், சேசிஸ் நம்பர் சரியான்னு பாக்கும், உங்களுக்கு பதிலா அது கியர் பாக்ஸ ஓட்டிப் பாக்காது, நம்ம போமன கூட்டிட்டு போங்க, அம்பது நூறு குடுத்தாலும் தகும்.

வர்ற சனிக்கிழமை கெமோர்ல ஒரு 2015 ஐரிஸ் மேனுவல், வெள்ளை, ஒரே ஓனர், கிராணியா (கிளார்க்) இருந்து ரிட்டயர் ஆனவர் வச்சிருக்காரு. விடியக்காலைலயே வர்றோம், எஞ்சின சூடு பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன், குளுந்த எஞ்சின் சத்தத்த கேக்கணும். அத்தையும் வர்றாங்களாம், முன் சீட்டுல உக்காந்து பாக்க.