10 ரூபாய் வில்லைக்கு ஒரு புலப்படம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு 5க்கு 4 தருவேன். அதை நடத்திய அலுவலகத்துக்கு 1. எங்கள் தெரு வாய்க்காலின் புலப்பட (எல்லையும் அளவும் காட்டும் நில அளவை வரைபடம்) நகல் கேட்டு ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதினேன். வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதிவுத் தபால், அவ்வளவுதான் செலவு. "எதற்குக் கேட்கிறீர்கள், சார்?" என்று தொலைபேசியில் துருவினார் எழுத்தர். காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது பிரிவு 6(2), நானும் சொல்லவில்லை. 30 நாள் கெடு போயிற்று. முதல் மேல்முறையீடு போட்ட பிறகே உறை வந்தது, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி! கெடு தவறினால் இலவசம் என்ற 7(6)ஐக் காட்டி எழுதினேன். நகல் வந்துவிட்டது. வாய்க்காலின் அகலம் குறித்த இடத்தில் மட்டும் மசி அப்பியிருக்கிறது. மூலப் பதிவேட்டை நேரில் பார்வையிட அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.