தொகுதியா, விகிதாசாரமா: மலையகத்துக்கு எது?

இலங்கையில் தேர்தல் முறையை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதே கேள்விதான்: தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவர் வெல்லும் தொகுதி முறையா, கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்ப மாவட்டத்தில் ஆசனம் பகிரும் விகிதாசார முறையா?

ஆசனம்
தொகுதி: தமிழர் செறிந்து வாழும் இடத்தில் கைகொடுக்கும். 1947இல் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது இந்த முறையில்தான். தோட்டத் தமிழரின் வாக்குரிமை பறிபோனதும் 1952இல் ஒன்றுகூட இல்லை. 1977இல் மலையகத் தலைவர் தொண்டமான் வென்றதும் நுவரெலியா-மஸ்கெலியா மூன்று பேரைத் தெரிவுசெய்யும் பல அங்கத்தவர் தொகுதியாக இருந்ததால்தான்; அவர் வந்தது மூன்றாவதாக.
விகிதாசாரம்: கண்டி, பதுளை, இரத்தினபுரி என்று சிதறிக் கிடக்கும் வாக்குகளும் அந்தந்த மாவட்ட அளவில் ஒன்றுசேரும். மாவட்டத்தில் 5 சதவீத வாக்கு எடுத்தால் கட்சி ஆசனக் கணக்கில் வரும்.

நெருக்கம்
தொகுதி: லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரை ஒழுகினால் யாரைப் பிடிப்பது என்று தெரியும்.
விகிதாசாரம்: மாவட்டத்துக்குப் பல உறுப்பினர்கள்; ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள்.

இன உறவு
தொகுதி: தோற்ற பக்கத்துக்கு அடுத்த தேர்தல் வரை குரல் இல்லை. பிளவுபட்ட நாட்டில் இது ஆபத்து.
விகிதாசாரம்: எனக்கு முக்கியமானது இதுதான். ஒரே கட்சிப் பட்டியலில் தமிழருக்கும் சிங்களவருக்கும் சேர்த்தே 3 விருப்பு வாக்குகளை (பட்டியலில் நமக்குப் பிடித்த வேட்பாளருக்கான வாக்கு) போடலாம். அதனால் பெரிய கட்சிகளும் தோட்டத்துப் பக்கம் வந்தே தீரவேண்டும்.

நுவரெலியாவுக்கு மட்டும் என்றால் பல அங்கத்தவர் தொகுதி போதும். சரி, பதுளைக்காரரும் இரத்தினபுரிக்காரரும் என்ன செய்வது? அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் விகிதாசாரத்தை விடக் கூடாது.