டீசலா பெற்றோலா என்று மூன்று மாதம் யோசித்தேன், 23 லட்சத்து 60 ஆயிரம் போனது வேறு வழியில்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிற கராஜில் இருந்து இப்போதுதான் வந்தேன். கையில் கரி இன்னும் போகவில்லை. 23 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். கடைசிப் பில்லையும் சேர்த்து இன்றைக்குக் கூட்டிப் பார்த்த தொகை. வன்னிப் பக்கம் யாராவது பெரிய ஜீப் எடுக்கும் யோசனையில் இருந்தால் முழுவதும் வாசியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் ஹயர் ஓடுகிறவன். வெளிநாட்டில் இருந்து வருகிற சனத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றி வருவது, திருவிழா, கலியாணம், இதுதான் தொழில். வான் ஒன்று இருந்தது. இப்போது வருகிறவர்கள் வானைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். "அண்ணை, பிராடோ ஒண்டு இல்லையோ?" என்று, ரொயோட்டாவின் அந்தப் பெரிய ஜீப்பை, ஊருக்கு வரும் முன்பே போனில் கேட்கிறார்கள். சுவிசில் இருக்கிற தம்பி பாதிக் காசு தருகிறேன் என்றான், மிச்சம் லீசிங். 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் தெரியும்தானே. 2025 இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது எங்களுக்கு எட்டாத கொப்பு. பாவித்ததுதான் கதி.

பிறகு தொடங்கியது டீசலா பெற்றோலா என்ற கதை. வீட்டில் மூன்று மாதம் வேறு பேச்சு இல்லை. அப்பா டீசல் கட்சி. பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய மனுஷன் அவர். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோலை மருந்து மாதிரி விடுவார். பெற்றோல் என்றால் அவருக்கு இன்னமும் போத்தலில் அளந்து வாங்குகிற சாமான். மனைவி பெற்றோல் கட்சி, சத்தமும் மணமும் இல்லை என்பதற்காக. நான் கொப்பியும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

டீசல் மலிவு என்பது பழைய கதை. 2021 டிசம்பரில் 92 பெற்றோல் 177 ரூபாய், ஓட்டோ டீசல் 121. லீற்றருக்கு 56 ரூபாய் வித்தியாசம். அடுத்த வருஷம் ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. வெறும் பத்து ரூபாய். அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இந்த இலக்கங்கள் மறக்காது. ஆகவே மிச்சம் இருப்பது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதுதான். பிராடோவின் 3.0 டீசல் எஞ்சின் நெடுந்தூரத்தில் பத்துக் கிலோமீற்றர் தரும், 2.7 பெற்றோல் எஞ்சின் ஏழு தந்தால் பெரிய காரியம். மாதம் 2,100 கிலோமீற்றர் ஓடினால் டீசல் 210 லீற்றர், பெற்றோல் 300 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 27,000 மிச்சம், வருஷத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம்.

இழுவையும் டீசலில்தான். 150 வகைப் பிராடோவில் டீசலின் டோர்க், அதாவது இழுவிசை, 410 நியூட்டன் மீற்றர், பெற்றோலின் டோர்க் 246. வன்னியில் ஏது மலை என்று கேட்பீர்கள். இரண்டு தொன்னுக்கு மேல் பாரமான வாகனம், உள்ளே ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி, பாதி கூரையில். ஏ9 வீதியில் பஸ் ஒன்றை முந்தும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். பெற்றோலுக்கும் நியாயம் இருக்கிறது: டேர்போ இல்லை, உயர் அழுத்த பம்ப் இல்லை, அழுக்கு டீசல் பட்டு, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் சாகிற பயமும் இல்லை. பழையதாக வாங்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் விழுந்தேன்.

எல்லோர் போனிலும் இருக்கிற விளம்பரத் தளம் ஒன்றில்தான் பார்த்தேன். வவுனியாவுக்குத் தெற்கே ஒரு நகரத்தில் கார் சேல். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் என்மேல்தான் வழக்கு வரும். ஒரே வருஷத்துப் பிராடோ இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன, வெள்ளை டீசல், சாம்பல் பெற்றோல். டீசல் 12 லட்சம் கூட. என் கொப்பிக் கணக்குப்படி அந்த 12 லட்சம் நாலு வருஷத்துக்குள் வந்துவிடும்.

அங்கே நின்ற பெடியன் நல்ல தமிழ் கதைத்தான். நான் வாய் திறக்க முதலே, "அண்ணை, உண்மையைச் சொல்லுறன். வீட்டுப் பாவனைக்கெண்டால் பெற்றோலைக் கொண்டுபோங்கோ. டீசலைத் தந்தால் எனக்குக் கொமிஷன் கூட. ஆனா பிறகு என்னைத் திட்டுவியள்" என்றான்.

அந்த இடத்தில்தான் நான் முடிந்தேன். விற்க வந்தவன் கூடின விலையானதை வாங்காதே என்கிறானே என்று மனம் இளகிவிட்டது. கட்டுநாயக்கா ஓட்டம் என்று சொன்னதும் தலையைச் சொறிந்தான். "அப்ப டீசல்தான் அண்ணை. வேற வழி இல்லை." நானாக முடிவெடுத்தது போலவே இருந்தது. எந்த இடம் என்று கேட்டேன். அம்மா புதுக்குடியிருப்பு என்றான். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போன ஆக்கள்தான் நாங்களும் என்றான். அதற்குப் பிறகு நான் எதைக் கேட்பது? பொனற்றுக்குள் டோர்ச் அடித்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தக் கதை மெய்யா பொய்யா என்று இன்றைக்கும் தெரியாது. பொய் என்றால் அதற்கு ஒரு பெயர் இல்லை. மெய் என்றால் அதைவிடக் கேவலம்.

பொனற்றைத் தொட்டபோது சுட்டது. கேட்டேன்தான். "இப்பதான் சேர்விஸுக்குக் கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு வந்தது அண்ணை." ஓடிப் பார்த்தேன், பட்டு மாதிரி ஓடியது. இன்ஜெக்டர் நாலையும் சோதித்த தாள் என்று ஒன்றை நீட்டினான். நாலுக்கும் நேரே இலக்கங்கள், கீழே ஒரு சீல். எஞ்சினுக்கும் கியர்பொக்சுக்கும் மூன்று மாதம் பொறுப்பு என்று வாயால் சொன்னான். பற்றுச்சீட்டு முழுக்கச் சிங்களம். எனக்குக் கதைக்கத் தெரியும், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், தம்பி வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறான். கையெழுத்து வைத்தேன்.

இரண்டாம் கிழமையே விடிய ஸ்டார்ட் பண்ணும்போது டக்டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை. சூடானதும் இல்லாமல் போய்விடும். போன் எடுத்தேன். "டீசல் எண்டால் சத்தம் இருக்கும்தானே அண்ணை" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

ஏழாவது கிழமை. டொரன்டோவில் இருந்து வந்த குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள், அதிகாலை மூன்றரை மணி. மாங்குளம் தாண்டி, கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரத்துச் சிவப்பு லைட் தெரிகிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துத் தேத்தண்ணி குடிப்போம் என்று சொல்லி வாய் மூடவில்லை, ஓயில் லைட் எரிந்தது. நிறுத்துவதற்குள் உள்ளே இரும்போடு இரும்பு அடிக்கிற சத்தம். அந்தப் பிள்ளைகள் காட்டு ரோட்டில் இரண்டு மணித்தியாலம் நுளம்புக்கடியில் நின்றார்கள். ஹயர்க் காசை நான் வாங்கவில்லை.

கராஜில், எஞ்சினுக்குக் கீழே ஓயில் நிற்கிற சம்பைக் கழற்றினால், ஓயிலை உறிஞ்சுகிற இடத்து வலை தார் பூசின மாதிரி அடைபட்டுக் கிடந்தது. மெக்கானிக் அண்ணை விளக்கினார். இன்ஜெக்டருக்குக் கீழே ஒரு செப்பு வாஷர் இருக்கும். அது இறுக்கம் விட்டால் எரிந்த வாயு மேலே ஓயில் இருக்கிற பக்கம் போகும். ஓயில் கருகிக் கட்டியாகி, கீழே வந்து வலையை அடைக்கும். பிறகு பேரிங்குக்கும் டேர்போவுக்கும் ஓயில் போகாது. வாகனத்தில் குறை இல்லை, நேரத்துக்குப் பார்த்திருந்தால் சின்னச் செலவு என்றார். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் அந்தச் சத்தத்திலேயே பிடித்துவிடலாமாம். அதற்குத்தான் நான் போகும் முன்பே சூடாக்கி வைத்தார்கள். சோதித்த தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில வாகன நம்பரே இல்லையே" என்றார். உண்மைதான். நம்பரும் இல்லை, திகதியும் இல்லை.

ஜப்பானில் இருந்து கழற்றி வந்த பழைய எஞ்சின், இன்ஜெக்டர், டேர்போ, கூலி, இழுத்து வந்த லொறி, விட்ட ஹயர்கள். 23 லட்சத்து 60 ஆயிரம். எஞ்சின் நம்பரை வாகனப் பதிவுப் புத்தகத்தில் மாற்றுகிற அலைச்சல் தனி. டீசல் மிச்சம் பிடித்து இதை அடைக்க ஏழு வருஷத்துக்கு மேல் வேண்டும்.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் நாள், "முதலாளியிட்டைக் கேட்டுச் சொல்லுறன் அண்ணை." இரண்டாம் நாள், முதலாளி கொழும்பில். நாலாம் நாள், "நீங்கள் அடிச்ச டீசலில தண்ணி இருந்திருக்கும், உங்கட பக்கம் அப்பிடித்தானே." உங்கட பக்கமாம்! புதுக்குடியிருப்பு அம்மாவின் பிள்ளை சொல்கிறான். ஒரு கிழமை கழித்து, ஓயில் மாற்றின பில் கொண்டுவா என்றார்கள். பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. நேரே போனேன். அந்தப் பெடியன் இப்போது இங்கே வேலை இல்லை என்றார்கள். முதலாளி பற்றுச்சீட்டை எடுத்து ஒரு வரியை விரலால் காட்டினார். "உள்ளபடியே பார்த்துத் திருப்திப்பட்டு வாங்குகிறேன்" என்று இருக்கிறதாம். எனக்குத் தேத்தண்ணியும் தந்தார். குடித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய? முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் இது சிவில் விஷயம், சட்டத்தரணியைப் பாருங்கள் என்றார்கள். விளம்பரத் தளத்துக்கு எழுதினால் இயந்திரம் பதில் போடுகிறது, நாங்கள் விளம்பரம் மட்டும்தான் என்று.

விபரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை, தலை இடிக்கிறது. சுருக்கமாக. விடியப் போங்கள், சொல்லாமல் போங்கள், பொனற் சுட்டால் திரும்பி வாருங்கள். ஓயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி உள்ளே கரிக்கட்டி இருக்கிறதா பாருங்கள். சோதித்த தாளில் செசி நம்பர் இருக்கிறதா பாருங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூலி கொடுத்தாவது கூட்டிப் போங்கள், நான் அந்தப் பத்தாயிரத்தைத்தான் மிச்சம் பிடித்தேன். விளங்காத மொழியில் கையெழுத்து வைக்காதீர்கள். டீசலா பெற்றோலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தச் சாம்பல் பெற்றோல் இன்னும் விளம்பரத்தில் கிடக்கிறது. இன்று காலை வேறொரு நம்பரில் எடுத்து விலை கேட்டேன், குரல் அதே பெடியன்தான். "உண்மையைச் சொல்லுறன் அண்ணை" என்று தொடங்கினான். வைத்துவிட்டேன். இதே மாதிரிப் பற்றுச்சீட்டு வேறு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சேர்ந்து ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கலாம்.