மிருச்சகடிகம்: சிரித்த இடத்திலேயே விழும் அடி

சூத்ரகர் இயற்றிய மிருச்சகடிகம் பத்து அங்கங்கள் கொண்ட வடமொழி நாடகம். வாரி வழங்கியே வறியவனாகிப்போன சாருதத்தனும் கணிகை வசந்தசேனையும் உஜ்ஜயினி நகரில் கொள்ளும் காதலே அதன் கதை. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் இதை 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். அழுகைக்கு நடுவே ஆறுதலாகச் சிறிது நகைச்சுவையைத் தூவி வைக்கும் நாடகங்கள் பல உண்டு. இதிலோ நம்மைச் சிரிக்க வைத்தவையே பின்னர் உயிருக்கு உலை வைக்கின்றன.

அரசனின் மைத்துனனான சகாரன், முதல் அங்கத்தில் வசந்தசேனையை இருட்டில் துரத்திக்கொண்டே, இராமனுக்கு அஞ்சிய திரௌபதியைப் போல ஓடுகிறாயே என்கிறான்; மாலையின் மணம் காதில் கேட்கிறது, மூக்கில் இருள் அடைத்திருப்பதால் நகையொலிதான் கண்ணுக்குத் தெரியவில்லை என்று உளறுகிறான். வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். எட்டாம் அங்கத்தில் அதே அசடன் அவளுடைய கழுத்தை நெரித்து, இறந்தாள் என்றெண்ணிச் சருகால் மூடிவிட்டு, பழியைச் சாருதத்தன் மேல் சுமத்த வழக்கு மன்றத்துக்கு நடக்கிறான்.

நகைகளின் கதையும் அப்படித்தான். பொன்வண்டி கேட்டு அழும் சாருதத்தனின் மகனைத் தேற்ற, வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அவனது மண்வண்டியில் நிரப்புகிறாள். அவற்றைத் திருப்பித் தரப் புறப்பட்ட விதூஷகன் (நாடகக் கோமாளி) மைத்திரேயன், சாருதத்தனின் நண்பன்; அவன் மன்றத்தில் சகாரனோடு கைகலக்கும்போது அக்குளில் இடுக்கியிருந்த நகைகள் சிதறி விழுகின்றன. அந்த வேடிக்கையான தள்ளுமுள்ளே நண்பனுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. இவ்வளவு கச்சிதமான கதைப்பின்னல் எக்காலத்து நாடகத்திலும் அரிது.

குறைகளும் உண்டு. நான்காம் அங்கத்து மாளிகை வருணனையும் ஐந்தாம் அங்கத்து மழை வருணனையும் மேடைக்கு மிக நீளம். சாருதத்தனின் மனைவி தூதைக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். மேடையேற்றுவோர் வருணனைகளைத் தாராளமாகச் சுருக்கலாம். ஆனால் பத்தாம் அங்கத்தில், மரண தண்டனை பெற்ற சாருதத்தனை வெட்டும் முறை யாருடையது என்று தண்டனையை நிறைவேற்றும் கொலையாளர் இருவர் வாதிடுவதையும், அவசரப்பட்டுக் கொல்லாதே, யாரேனும் பொருள் தந்து மீட்கலாம், அரசனே மாறலாம் என்று தந்தை சொன்ன அறிவுரையை ஒருவன் நினைவுகூர்வதையும் ஒரு வரிகூட வெட்டக் கூடாது. அந்தத் தாமதத்துக்குள்தான் வசந்தசேனை உயிரோடு வந்து சேர்கிறாள், அரசனும் மாறிவிடுகிறான்.