நாட்டுக்கோழியில் முட்டை கூட: கலப்புச் சேவலா, பொறுக்கி வளர்ப்பதா?

நாட்டுக்கோழி வருஷத்துக்கு 40 முதல் 80 முட்டை வரைதான் இடும், பண்ணை முட்டைக்கோழியோ 300-ஐத் தொடும். இந்த இடைவெளியைக் குறைக்க சட்டென்று தோன்றுவது, முட்டையினச் சேவல் ஒன்றைக் கூட்டத்தில் விடுவது. முதல் தலைமுறையிலேயே பலன் தெரியும். சிக்கல் அப்புறம்தான்: அந்தக் கலப்புகளையே தங்களுக்குள் சேர்த்தால் கலப்பு வீரியம் (இரண்டு இனம் சேர்வதால் குஞ்சுக்குக் கிடைக்கும் கூடுதல் திறன்) பாதியாகும், குஞ்சுகள் ஆளுக்கொரு ரகமாக வரும், அடைக்கு உட்காரும் குணமும் குறைவதால் குஞ்சு பொரிக்க இன்குபேட்டரை நம்ப வேண்டிவரும்.

இருக்கிற கூட்டத்திலேயே பொறுக்குவது, அதாவது நன்றாக இடும் கோழிகளின் குஞ்சுகளை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வளர்ப்பது, மெதுவான வேலை. காலில் வளையம் போட்டு, எந்தக் கோழி என்றைக்கு இட்டது என்று நோட்டில் குறிக்க வேண்டும். எல்லாம் ஒரே பெட்டியில் இட்டால் கணக்கு போச்சு. விரல் வைத்துப் பார்க்கும் வழியும் உண்டு, இடுகிற கோழியின் இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும், இடாததில் ஒன்றுக்கே சிரமம். ஆனால் அது இப்போது இடுகிறதா என்பதைத்தான் சொல்லும், வருஷக் கணக்கை அல்ல.

பலர் கோட்டை விடுவது சேவலில். வாட்டசாட்டமாக, கொண்டை சிவப்பாக இருக்கிறதென்று எடுத்துவிடுகிறார்கள். சேவலா முட்டையிடப் போகிறது? அதன் தாயும் சகோதரிகளும் எத்தனை இட்டன என்று பார்த்து எடுக்க வேண்டும். அதே சேவலை அதன் மகள்களோடும் விட்டால் பொரிப்பு குறையும்.

மேய்ந்து, தானே அடைகாக்கும் கோழிதான் வேண்டுமென்றால் பொறுக்குவதே சரி. கையில் பத்துக் கோழிதான் என்றால் பொறுக்க என்ன இருக்கிறது?